இரவு 11 மணி விருந்து

தீபாவளிக் காலையில் வானொலியில் பணி என்றால், பாட்டைவிட வாட்ஸ்அப் குரல் பதிவுகள்தான் அதிகம் ஒலிக்கும். சிங்கப்பூர், பெர்த், மெல்பர்ன், லண்டன் என்று நம் பிள்ளைகள் அங்கங்கே இருந்து பேசுவார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அன்று பொது விடுமுறை. மற்றவர்களுக்கு அது இன்னொரு வேலை நாள். அவ்வளவு தூரம் ஏன், நம் சரவாக்கிலேயே தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது.

மெல்பர்னில் கணக்காளராக இருக்கும் ஒரு செமோர்ப் பெண் போன தீபாவளிக்குப் பேசினார். அங்கே இந்தியச் சங்கங்கள் நடத்தும் பெரிய விழாவுக்குப் போயிருக்கிறார். "நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா எனக்கு யாரையும் தெரியல, பாதிப் பாட்டும் புரியல" என்றார். அவருடைய தீபாவளி அடுத்து வந்த சனிக்கிழமை, வாடகை வீட்டில் நடந்தது. உடன் தங்கியிருக்கும் கூச்சிங் சீனப் பெண் வெங்காயம் உரித்தாராம். தைப்பிங்கைச் சேர்ந்த ஒரு மலாய்த் தம்பதியர் ரெண்டாங்கோடு வந்து, வாசலிலேயே "செலாமாட் தீபாவளி" என்றார்களாம். "அப்பதான்கா தீபாவளி வந்த மாதிரி இருந்துச்சு."

அவர் தேடியது எண்ணெய்க் குளியலையோ முறுக்கையோ அல்ல. திறந்த இல்ல உபசரிப்பை. வாசலைத் திறந்து வைத்தால் யாராவது வருவார்கள் என்ற அந்த நம்பிக்கையை.

இந்தப் பழக்கம் நமக்கு ஒரு நாளில் வந்ததல்ல. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டி வந்த நம் கொள்ளுத்தாத்தாக்கள்தாம் நம் குடும்பங்களில் முதலில் வெளிநாட்டில் தீபாவளி கொண்டாடியவர்கள். ஊரில் ஒருவரையொருவர் பார்த்தே இராத சேலத்துக்காரரும் திருச்சிக்காரரும் லயத்து வீட்டில் ஒரே சுவரைப் பகிர்ந்தார்கள். சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போட்டார்கள். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே தொழிலை வளர்த்தவர்களும் எட்டயபுரத்துப் பக்கம் இருந்து வந்தவர்களே. இன்று அவர்கள் முறுக்கு நமக்கு 'ஈப்போ முறுக்கு'. (ஆஸ்திரேலியாவுக்கு அதை எடுத்துப் போகிறவர்கள் வருகை அட்டையில் 'உணவு இருக்கிறது' என்று மறக்காமல் குறியுங்கள்.)

இன்று செமோரில் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் இடத்தில் இருப்பவர் யார்? நமக்கு ரொட்டி சானாய் தட்டும் தம்பி. முடி வெட்டும் அண்ணன். நம் தீபாவளியன்றும் கடை திறந்திருந்தால் அவர்கள் வேலையில்தான் இருப்பார்கள். 1955 வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறை நாள் தர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது உண்டு. ஆனால் கட்டாயமான 5 நாள்களில் தீபாவளி இல்லை. மீதி 6 நாள் எவை என்பது முதலாளியின் தேர்வு. பொங்கலோ பொது விடுமுறைப் பட்டியலிலேயே இல்லை.

நான் வழக்கமாகக் காலை உணவு வாங்கும் கடையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் இருக்கிறார். தை முதல் நாள் கடை திறக்கும் முன், அதிகாலை 5 மணிக்கு, பின்பக்கம் கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மூன்று பேர், பாத்திரம் கழுவும் வங்காளதேசத்து அண்ணன், பித்தளைப் பானை கொண்டு வந்த உள்ளூர்க் கல்லா அக்கா. கரும்பு சந்தையில் வாங்கியது. (ஹொக்கியன் சீனர்களும் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் வழிபாட்டுக்குக் கரும்பு வைப்பார்கள். அந்த மாதங்களில் கரும்பு தேடும்போது அவர்களும் நமக்குக் கூட்டாளிகள்.)

"பொங்கினதும் அம்மாவுக்குப் போன் போட்டீங்களா?"

"எங்கக்கா, ஊர்ல அப்ப ராத்திரி ரெண்டரை மணி. அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள நான் நூறு ரொட்டி போட்டுட்டேன்."

நம் அழைப்புப் பட்டியலில் அலுவலக நண்பர்கள் இருப்பார்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் இருக்கும், எதிர்வீட்டு அங்கிள் இருப்பார். இந்தத் தம்பி இருப்பதில்லை. அழைத்தாலும் நாம் சொல்லும் மதியம் 12 மணிக்கு அவரால் வர முடியாது. அது கடையில் கூட்டம் நெரியும் நேரம்.

கல்லா அக்காவிடம் பேசினேன். தாமானில் அவர் வீட்டுத் தீபாவளி விருந்து இந்த ஆண்டு இரண்டு வேளை. உறவினர்களுக்கு மதியம். கடை ஆள்களுக்கு இரவு 11 மணி. கடை 10.30க்கு மூடுகிறது.