ஒலோபெரினும் அக்கியோரும்



அண்மையில் பிரம்மதேசத்தில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். வீட்டுத் தலைவர் கடும் உழைப்பாளி. நெல்லும் மணிலாவும் பயிரிட்டு முன்னுக்கு வந்தவர். திரைப்படத்தில் தாம் கண்ட ஒரு சேனாதிபதியைப் பற்றி மிகுந்த ஈடுபாட்டோடு பேசினார். இரங்குபவன் தோற்பான், அஞ்ச வைப்பவனே ஆள்வான் என்பது அவனது கொள்கையாம். "வீடும் அப்படித்தான் சாமி, பயம் இருந்தால்தான் பிள்ளைகள் வழிக்கு வரும்" என்றார். அவருடைய மூத்த மகன் வீட்டைவிட்டு வெளியேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. தங்கையின் கல்லூரிப் படிப்பை நிறுத்தியது தவறு என்று தகப்பனின் முகத்துக்கு நேரே சொன்னதே அவன் செய்த குற்றம்.

அத்தகைய சேனாதிபதி ஒருவன் நம் விவிலியத்திலேயே இருக்கிறானே என்றேன். அவர் வியந்தார். யூதித்து நூலை நம்மில் பலர் திறந்துகூடப் பார்த்ததில்லை. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546இல் அதனைத் திருநூல்களுள் ஒன்றென உறுதிசெய்தது. ஆயினும் அது நடந்ததை நடந்தவாறே கூறும் வரலாறன்று, படிப்பினைக்காகப் புனையப்பெற்ற கதை என்பதே விவிலிய அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. பாபிலோனின் மன்னனாகிய நெபுகத்னேசரை அசீரியரின் மன்னன் என்று நூல் தொடக்கத்திலேயே கூறுகிறது!

அம்மன்னனின் படைத்தலைவனே ஒலோபெரின். 1,20,000 காலாட்களும் 12,000 குதிரை வில்லாளரும் அவன் பின்னே வந்தனர். கோதுமை அறுவடைக் காலம் பார்த்துத் தமஸ்கு நாட்டு வயல்களுக்குத் தீயிட்டான். கதிர் முற்றிய வயல் எரிவது இன்னதென்று உழவர்க்கு நான் விளக்கவேண்டுமோ? கடற்கரை நகரத்தார் அஞ்சி, மாலையும் மேளமுமாக அவனை எதிர்கொண்டனர். பணிந்தவர்களையும் அவன் விடவில்லை. அவர்களுடைய வழிபாட்டிடங்களை இடித்து, தன் மன்னனையே கடவுளென்று வணங்கச் செய்தான். அவனது தத்துவத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அச்சத்தால் ஆள்பவனுக்குக் கீழ்ப்படிதல் போதுவதில்லை, வழிபாடும் வேண்டும்.

பெத்தூலியா என்னும் மலையூரை அவன் வாளால் தாக்கவில்லை, நீரூற்றுகளைப் பிடித்துக்கொண்டான். 34 நாள் முற்றுகையில் தொட்டிகள் வற்றின, பெண்களும் இளைஞர்களும் தெருவில் சோர்ந்து விழுந்தனர். ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் நமக்கு இப்பகுதி நெஞ்சைத் தொடும்.

கதைதானே என்று தள்ளிவிட வேண்டா. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கினார். அயர்லாந்து வழிவந்தவர்; நம் மறையைச் சேர்ந்தவரே என்பதையும் மறைப்பதற்கில்லை. சாமான் இழுக்க மாடுகள் போதாதபோது, மக்களைச் சாதி வேறுபாடின்றிப் பிடித்து வண்டிகளில் பூட்டினார். (சமத்துவம் இப்படியும் வரும் போலும்!) தம் அதிகாரிகளையும் இகழ்ந்து பேசியே பகைத்துக்கொண்டார். சம்பளம் கிடைக்காத அவருடைய படைவீரர்கள் 1759இல் கலகம் செய்தனர். 1760 சனவரி 22ஆம் நாள் வந்தவாசிக் களத்தில் அவர் குதிரைப்படைக்கு முன்னின்று பாயுமாறு ஆணையிட்டபோது, படை அசையவில்லை. தலைவனை மாற்றினார், அடுத்தவனும் கீழ்ப்படியவில்லை. அவர் கோழையல்லர். துணிவு நிறைய இருந்தது, பின்தொடரத்தான் ஆளில்லை. அவ்வாண்டிலேயே, நம் பிரம்மதேசத்துக்கு அருகிலுள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரி பட்டினியால் பணிந்தது. 1766இல் பாரிசில் லாலியின் தலை வெட்டப்பட்டது. அத்தீர்ப்பு நீதியற்றதென்று 1778இல் தள்ளுபடியானதையும் சொல்லிவிடுவதே முறை.

ஒலோபெரினின் முடிவு நீங்கள் அறிந்ததே. யூதித்து என்னும் கைம்பெண் ஒருத்தி, குடிமயக்கத்தில் கிடந்த அவனை அவனுடைய வாளாலேயே வெட்டினாள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள், "அவள் பொய் சொன்னாளே சாமி?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, அதைப் பிறிதொரு மாதம் பார்ப்போம். நான் கவனிப்பது மறுநாள் காலையை. தலைவன் இறந்தான் என்று கேட்டதுமே அப்பெரும்படை நாலாபக்கமும் சிதறி ஓடிற்று. ஒரு மனிதனிடம் கொண்ட அச்சமே அதைக் கட்டியிருந்த கயிறு.

நண்பருக்கு நான் விரிவாகச் சொன்னது அக்கியோரின் கதையை. அவன் அம்மோனியரின் தலைவன். ஒலோபெரினின் பக்கம் நின்றவன். அம்மக்கள் தங்கள் கடவுளுக்கு உண்மையாயிருந்தால் அவர்களை வெல்ல இயலாது என்று அவையில் துணிந்து சொன்னவன் அவன் ஒருவனே. அதற்குப் பரிசாக அவனைக் கட்டி, பகைவரின் மலையடியில் போட்டுவரச் செய்தான் ஒலோபெரின். தன் பாளையத்தில் உண்மை பேசிய ஒரே வாயை அவனே வெளியேற்றினான். அதன்பின் அவனைச் சுற்றி இருந்தவர்கள் அவனுக்கு இனிப்பானதையே பேசினர். யூதித்தின் சொற்களும் அவ்வாறே இனித்தன.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றார்.

"அந்த அக்கியோர் அப்புறம் என்ன ஆனான் சாமி?" என்றார் நண்பர்.

"ஊரார் இறங்கிவந்து கட்டவிழ்த்தார்கள். ஊர்த் தலைவர் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் விருந்திட்டார்" என்றேன்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, மகன் சென்னையில் எங்கே தங்கியிருக்கிறான் என்று கேட்டார். தாய்க்குத் தெரிந்த முகவரிதான், என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மகளின் படிப்பைப் பற்றி நானாகவே எடுத்தேன். "கல்லூரி திறக்கட்டும் சாமி, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.