பன்றியூரா, மரவூரா?

ஆங்கில நாட்டு யார்க்கு நகர்க்குப் 'பன்றியூர்' என்று பொருள் கூறித் திரிவார் உளர். எத்துணைப் பேதைமை! விண்டோலாண்டாக் கோட்டை மண்ணில் கிடைத்த, கி.பி. 100 அளவினதாகிய மரப்பலகையிலேயே 'எபுராக்கம்' என்னும் வடிவம் காணப்படுகிறது. உரோமர் எழுதினரேனும் அஃது உரோமர் சொல்லன்று. அம்மண்ணின் மக்களுடைய கெலுத்தியச் சொல். இயூ என்னும் ஊசியிலை மரம் செறிந்த இடம் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொண்ட பொருள். பின்வந்த ஆங்கிலர்க்கு அது விளங்கவில்லை. விளங்காதாயின் கேட்டறிந்தனரா? இல்லை, தம் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'எயோபர்' என்னும் சொல்லை உள்ளே நுழைத்து, 'எயோபர்விக்கு' என்றாக்கினர்! 866-இல் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்கர் வாயில் அது 'யோர்விக்கு' எனத் திரிந்தது, பின்னர் யார்க்கு. வந்தேறிய பன்றிக்கு முதன்மை. மண்ணின் மரத்திற்கு மறதியா? அந்நகர்ப் பேராயரோ இன்றும் 'எபோர்' என்றே கையொப்பமிடுகிறார்.