525 மடங்கு என்னும் பொய்



பள்ளி விடுமுறை வந்தால் பேரங்காடிகளில் தொலைநோக்கிப் பெட்டிகள் குவிகின்றன. வில்லையின் விட்டமோ 60 மில்லிமீட்டர். பெட்டியின்மேல் ‘525 மடங்கு’ என்னும் விளம்பரம். இஃது அப்பட்டமான ஏமாற்று. விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இருமடங்கே பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லை. 60க்கு 120. அதற்குமேல் தெரிவது கலங்கிய ஒளிப்பொட்டுதான். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்!

முக்காலியோ தொட்டாலே நடுங்கும். அதில் சனிக்கோளைத் தேடிக் களைத்த பிள்ளை, மூன்றாம் நாள் “எனக்கு அறிவியல் வராது” என்கிறது. கருவியின் குற்றத்தைப் பிள்ளை தன் தலையில் ஏற்றுக்கொள்வதை என்னால் பொறுக்க இயலவில்லை. இப்பெட்டியைப் பரிசளித்துப் படம் எடுத்துக்கொள்ளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

புவிச்சுழற்சிக்கேற்ப விண்மீனைப் பின்தொடரும் விலைகூடிய தாங்கியும் தொடக்கநிலையினர்க்கு வேண்டா. அதனைத் துருவ விண்மீனை நோக்கி நிறுத்தல் வேண்டும். பினாங்கில் அவ்விண்மீன் அடிவானுக்குமேல் 5 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; ஜார்ஜ்டவுன் அடுக்குமாடிகளும் மூட்டமும் அதனை மறைத்துவிடும்.

முதலில் 50 மில்லிமீட்டர் வில்லையுடைய 7 மடங்கு பைனாகுலர் வாங்குங்கள். நிலவின் பெரும்பள்ளங்களும் கார்த்திகைக் கூட்டமும் அதிலேயே தெரியும். சங்கத்தில் பணமிருந்தால் 150 மில்லிமீட்டர் ஆடியுள்ள டாப்சன் வகைத் தொலைநோக்கி. இராமகிருஷ்ண மடத்துத் துறவியாயிருந்த ஜான் டாப்சன், 1960களில் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்க்கு வானம் காட்டிய எளிய கருவி அது. பார்த்து முடித்ததும் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிவையுங்கள்; இத்தீவின் ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.