கடைசியாக வந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும்

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை ஆட்குறைப்பு செய்வதானால் யாரை முதலில் நிறுத்துவது என்பதில் குழப்பம் கிடையாது. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 25-ஜி பிரிவு சொன்னது. முறையை மாற்றினால் அதற்கான காரணத்தை நிர்வாகம் எழுதிவைக்க வேண்டும். பிறகு ஆள் எடுக்கும்போது, நிறுத்தப்பட்டவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றது அதற்கடுத்த பிரிவு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பும் இந்த விதிகளைக் கைவிடவில்லை. ஆலைகளில் இது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பது வேறு கதை. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. மீறினால் வழக்குப் போட ஒரு நீதிமன்றமும் இருக்கிறது.

அதே ஊரின் அரசுக் கல்லூரியில் முனைவர் பட்டத்தோடு பத்து வருஷம் பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளருக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டம் சொல்லும் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசுப் பணி விதிகளோ நிரந்தரப் பணியாளர்களுக்கானவை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் விழுந்தவர்கள் தமிழகம் முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பணிமூப்பு உரிமையைச் சட்டமாகவே இயற்றித் தர வேண்டும் என்பது நம் கருத்து. எல்லோரையும் நிரந்தரமாக்கு என்ற கோரிக்கையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அது நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2021-இல் அரசு அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளில் திருச்சுழியும் ஒன்று. ஏரியூர், தாளவாடி, மானூர் போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் உடன் இருந்தன. அருப்புக்கோட்டை அரசுக் கல்லூரி முன்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்தது. இரண்டும் இந்தக் கரிசல் காட்டுக்குக் கிடைத்த பெரிய நன்மைகள். ஒரு மழை தவறினால் மக்காச்சோளமும் மிளகாயும் கருகிப்போகும் ஊர்களில், ப்ளஸ் டூ முடித்த பெண்ணை மதுரையில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கும் வசதி எத்தனை வீடுகளுக்கு உண்டு? நரிக்குடியிலும் பரளச்சியிலும் பஸ் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்பதால்தான் பல பிள்ளைகள் பட்டப்படிப்பின் பக்கமே வருகிறார்கள்.

இந்த மாதிரிக் கல்லூரிகளை நடத்திக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த பணியிட மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று விசாரித்துக்கொண்டேதான் வருகிறார்கள். மதுரையில் குடும்பம், பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஊரிலேயே தங்கி, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் அரியர் வைத்த பிள்ளையை ஆறாவது செமஸ்டர் வரை இழுத்துக்கொண்டு வருபவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்தான். கலந்தாய்வில் ஒருவர் மாறுதல் பெற்று வந்துசேரும் அன்றைக்கு இடம் இல்லாமல் போவதும் அவருக்குத்தான். ஒரே துறையில் மூன்று கௌரவ விரிவுரையாளர்கள் இருந்தால், மூவரில் யார் போவது? இதற்குச் சட்டத்தின் பதில் எதுவும் இல்லை. கல்லூரி முதல்வரின் மனம், துறைத்தலைவரின் பழக்கம், யாரோ ஒருவரின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் நுழைய அந்த இடைவெளி போதும்.

பணிமூப்பு என்றாலே சோம்பேறிக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நம் கண்மாய்க்கரைகளில் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் வருஷத்தில் முறைப்பாய்ச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்ணீர் குறைந்த வருஷத்தில்தான் எந்த மடைக்கு முதல் முறை, எவர் வயலுக்கு அடுத்தது என்ற ஒழுங்கு வேண்டியிருக்கிறது. அந்த ஒழுங்கு இல்லாத கண்மாயில் மண்வெட்டி பலமுள்ளவனுக்கே தண்ணீர்.

இப்போது கௌரவ விரிவுரையாளரின் பணி ஆண்டு எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். அண்மை ஆண்டுகளில் மாதத் தொகுப்பூதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. அதுவும் 11 மாதங்களுக்குத்தான். மே மாதம் சம்பளம் இல்லை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 23,000-க்கும் குறைவு. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்றது. தமிழகம் அதில் பாதிக்கு வந்து நிற்கிறது.

பணத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது பணி அனுபவச் சான்றிதழ் வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டும், அந்த அலுவலகம் மதுரையில் இருக்கிறது. மூன்று கல்லூரிகளில் வேலை பார்த்தவர் மூன்று முதல்வர்களையும் தேடிப் போக வேண்டும். இதற்குள் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் மாறுதலாகியிருப்பார், பழைய வருகைப் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறதென்று அலுவலக உதவியாளருக்கும் தெரியாது. தன் கல்லூரிகளில் பாடம் நடத்தியது யார் என்பதை அரசே குறித்துவைத்திருக்க வேண்டாமா? கல்லூரிக் கல்வி இயக்ககம் பாடவாரியாகப் பணிமூப்புப் பட்டியல் ஒன்றைப் பராமரித்து வெளிப்படையாக வைத்திருந்தால் இந்த அலைச்சல் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்பதும் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறிக்கொண்டிருக்கிறது. 2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கும் 2019-இல் 2,331 இடங்களுக்கும் வந்த அறிவிக்கைகளில் கற்பித்தல் அனுபவத்துக்கு அதிகபட்சம் 15 மதிப்பெண் இருந்தது. 2019 அறிவிக்கை பாதியில் நின்றது. தகுதியுள்ள கௌரவ விரிவுரையாளர்களைப் பணியில் அமர்த்த 2020-இல் அரசாணை 56 வந்தது. அதை நிறைவேற்றுங்கள் என்று அவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று புதிய அறிவிக்கை, எழுத்துத் தேர்வு முதன்மை. 2025 அக்டோபரில் அது 2,708 இடங்களாகச் சுருங்கி மறுபடி வந்தது. இடையில், இந்தப் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்வின் கதை வேறு. 2018-க்குப் பிறகு அடுத்த செட் தேர்வு நடந்தது 2025 மார்ச்சில். தகுதி இல்லை என்று சொல்வதற்கு முன், தகுதித் தேர்வை ஏழு வருஷம் நடத்தாமல் வைத்திருந்தது யார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

எதிர்த்தரப்பில் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று கனமானது. முனைவர் பட்டம் முடித்து, நெட் தேறி, வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு உரிமை கொடுத்தால் இவர்களுக்குக் கதவு அடைபடாதா? இனச்சுழற்சி என்ன ஆகும்? 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கொல்லைப்புற நியமனங்களை நிரந்தரமாக்கும்படி உரிமையோடு கேட்க முடியாது என்று சொன்னதும் இந்தக் கவலையால்தான். இதை நாம் லேசாகத் தள்ளிவிட மாட்டோம். இந்த வட்டாரத்தில் தறிக்குழியிலிருந்தும் தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் முதல் தலைமுறையாக மேலே வந்த பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடுதான் கதவைத் திறந்தது.

ஆனால் நாம் கேட்கும் பணிமூப்பு, தேர்வு வாரியத்தின் ஓர் இடத்தைக்கூடப் பறிக்காது. நிரந்தர இடங்கள் தேர்வின் வழியாக, இனச்சுழற்சிப்படி நிரம்பட்டும். வருஷா வருஷம் நிரம்பட்டும். அது நடக்காத காலத்தில் தற்காலிகமாக யார் பாடம் நடத்துவது, யார் முதலில் விலகுவது, விலகியவரை எங்கே முதலில் கூப்பிடுவது என்பதற்குத்தான் விதி கேட்கிறோம். கௌரவ விரிவுரையாளர் தேர்விலேயே இனச்சுழற்சியையும் பொது விண்ணப்பத்தையும் கட்டாயமாக்கினால் கொல்லைப்புறம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. 2022 டிசம்பரில் 1,895 பேருக்காக இணையவழியில் விண்ணப்பம் வாங்கினார்களே, அந்த வெளிப்படைத்தன்மையை எப்போதைக்குமான விதியாக்குவதில் என்ன கஷ்டம்?

உமாதேவி தீர்ப்போடு நீதிமன்றங்களும் நின்றுவிடவில்லை. ஒரு தற்காலிக ஆசிரியரை எடுத்துவிட்டு அவர் இடத்தில் இன்னொரு தற்காலிக ஆசிரியரைப் போடக்கூடாது என்பதை, மத்தியப் பிரதேசக் கல்லூரி விருந்தினர் விரிவுரையாளர்கள் தொடர்ந்த மனீஷ் குப்தா வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நெடுநாள் உழைத்தவர்களை ஒதுக்க உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள் என்று அரசுகளைக் கண்டித்தது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விகிதம் தரச் சொன்னது. ஒவ்வொருவரும் தனித்தனியாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஏறி இதே நிவாரணத்தை வாங்கிவர வேண்டும் என்று அரசு எதிர்பார்ப்பது நியாயமா?

ஹரியானா 2024-இல் சட்டமே கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு பணி முடித்த விரிவாக்க, விருந்தினர் விரிவுரையாளர்களுக்கு ஓய்வு வயது வரை பணிப் பாதுகாப்பு என்றது அந்தச் சட்டம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் போட்ட ஒப்பந்தப்படி, தொடர்ந்து ஆறு ஆண்டு கற்பித்த பகுதிநேர விரிவுரையாளருக்கு மூன்றாண்டு நியமனம் கிடைக்கிறது. புதிய வகுப்பு வந்தால் யாருக்கு முதலில் தர வேண்டும் என்ற வரிசையும் அதில் இருக்கிறது. நம்மவர்கள் நிறைய வாழும் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில், ஒப்பந்த ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்பும் ஒரு பிரச்சினையாக இருந்த வேலைநிறுத்தம் 2018 மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை நீண்டது; கடைசியில் ஒன்டாரியோ சட்டமன்றம் சட்டம் போட்டு முடித்துவைத்தது. விதி எழுதப்பட்ட நாடுகளிலும் சச்சரவு ஓயவில்லைதான். ஆனால் அங்கே பேச்சுவார்த்தை மேசையில் ஒரு ஆவணம் இருக்கிறது. இங்கே சங்கங்கள் பல. எழுதிய ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை.

நம் ஊரின் அனுபவமே போதும், கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரிய கல்லூரியும் அரசு உதவி பெறுபவை. அத்தகைய கல்லூரிகளின் ஆசிரியரை நிர்வாகம் நினைத்தபோது வீட்டுக்கு அனுப்ப முடியாதபடி 1976-இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நீக்க வேண்டுமானால் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மூட்டா போன்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் அந்தக் காலத்தில் தெருவில் நின்றதன் பலன் அது. அந்தச் சட்டத்தால் கல்லூரிகளின் தரம் கெட்டுப்போனது என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. தனியார் நிர்வாகத்திடம் அரசு கேட்ட ஒழுங்கை, அரசே தன் கல்லூரியில் கடைப்பிடிக்கக் கூடாதா? இன்று நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அன்று உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வாங்கிக்கொடுத்த பாதுகாப்பில்தான் இருக்கிறீர்கள். கௌரவ விரிவுரையாளர் கோரிக்கையைச் சங்கத் தீர்மானத்தின் கடைசி வரியில் வைப்பது அழகல்ல.

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? முதலில் பணியேற்ற நாளை வைத்துப் பாடவாரியாகப் பட்டியல். உறுப்புக் கல்லூரியாக இருந்தபோது பார்த்த வருஷங்களும் அதில் சேர வேண்டும். பெயர்ப்பலகை மாறியதால் அனுபவம் அழிந்துவிடாது. மாறுதலிலோ நேரடி நியமனத்திலோ ஒருவர் வந்தால், பட்டியலில் கடைசியாக இருப்பவர் விலகுவார். மண்டலத்தில் அடுத்த காலியிடம் அவருக்கே. விலகியவர்களை அமர்த்தும் வரை அந்தப் பாடத்தில் புதிய ஆளை எடுக்கக் கூடாது. ஒருவர் சரியாகப் பாடம் நடத்தவில்லையென்றால் தாராளமாக நிறுத்துங்கள். ஆனால் காரணத்தை எழுதிக் கொடுத்து, பதிலைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மே மாதத்துக்கும் ஊதியம் கொடுங்கள்.

இதில் ஊதியத்தைத் தவிர வேறெதற்கும் கருவூலத்திலிருந்து பெரிதாகப் பணம் போகப்போவதில்லை. பட்டியல் தயாரிக்கத் தேவையான பதிவேடுகள் கல்லூரிகளிலேயே கிடக்கின்றன. ஊதியத்துக்கான செலவும் கோட்டைக்குத் தெரியாத கணக்கு அல்ல. 2023 மே மாதம் நிதித்துறையை ஏற்றவர் திருச்சுழித் தொகுதியில் வென்றவர்தான். சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறக் காலம் பிடிக்கலாம். பட்டியலுக்கு ஒரு அரசாணை போதும். வரும் ஜூன் மாதம் கால அட்டவணை போடுவதற்கு முன் அதை ஒவ்வொரு அரசுக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லி உயர்கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.