துணைக்கும் சேர்த்தே மருந்து

மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பால்வினை நோய் வந்தால், அவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் போதாது. சிகிச்சை பெறாத துணையிடமிருந்து அது மீண்டும் தொற்றும். பெண்களிடம் கிளமிடியா, கொனோரியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைப் பாதித்து, குழந்தைப்பேற்றையே பறிக்கக்கூடும். கணவர் மறைத்தால் மனைவி சிகிச்சைக்குப் போவது எப்படி?

சொன்னால் குடும்பம் உடையும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. அடிபடுவதும் துரத்தப்படுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டமே, வன்முறைக்கு வாய்ப்பிருந்தால் பெண்ணின் துணையிடம் மருத்துவரோ ஆலோசகரோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. ஆகவே சொல்லும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். எப்படிச் சொல்வதென்று நோயாளிக்குத் துணைநிற்கும் ஆலோசகர் வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பகல் ஷிப்ட்காரர் சம்பளத்தை இழக்காமல் வர, மாலையிலும் ஆலோசகர் இருக்க வேண்டும்.