தங்கக் கறியும் வெங்காயத் தாளும்

மில் வாசல் டீக்கடையில் ஒரு தொழிலாளி தன் கைபேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சமையற்காரர், தங்கத் தகடு போர்த்திய மாட்டுக் கறியை வெட்டுகிறார். ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி எடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயில் ஊட்டுகிறார். "வாயைத் திறக்கிறவர் யார் தெரியுமா தோழர்? உங்கள் ஆள்! கம்யூனிஸ்ட் மந்திரி! நீங்கள் இங்கே எங்களிடம் உண்டியல் குலுக்குகிறீர்கள்!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம்மால் சிரிக்க முடியவில்லை. அன்று டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டோம். இப்போது பதில் சொல்கிறோம்.

முதலில் அந்தக் கடையைப் பற்றி. அது துருக்கிக்காரர் கடை. நுஸ்ரெட் கொக்சே என்பவர் 2010இல் இஸ்தான்புல் நகரில் தொடங்கியது. கையை வளைத்து, முழங்கை வழியாக உப்பைத் தூவும் அவருடைய வேடிக்கைப் படம் 2017 ஜனவரியில் உலகமெல்லாம் பரவியது. பிறகு லண்டன், நியூயார்க் என்று கிளைகள். முதலாளித்துவப் பத்திரிகைகள் இவரைப் பற்றி உருகி உருகி எழுதின. சுரங்கத் தொழிலாளியின் மகனாம்! பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கசாப்புக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவராம்! உழைத்தால் உயரலாம் என்பதற்கு இவரே சாட்சியாம்!

ஒப்புக்கொள்கிறோம், அவர் தொழிலாளியின் மகன்தான். ஆனால் அந்தக் கடைகளுக்குப் பின்னால் நிற்கும் மூலதனம் யாருடையது? கார் வியாபாரம், கட்டுமானம், டெலிவிஷன் என்று துருக்கியில் பரந்து கிடக்கும் டோகுஷ் என்ற பெரும் முதலாளிக் குழுமத்தினுடையது. நியூயார்க் கிளையில் பரிமாறியவர்கள், தங்களுக்குச் சேரவேண்டிய டிப்ஸ் பணம் பறிபோகிறது, கேட்டால் வேலையும் போகிறது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2,30,000 டாலர் கொடுத்து வழக்கு சமரசம் செய்யப்பட்டது. துருக்கியிலே ஸோமா என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 2014 மே 13 அன்று 301 தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களுக்கும் மகன்கள் உண்டு. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் மேலே போனதைச் சொன்னவர்கள், அந்த மகன்கள் எங்கே போனார்கள் என்று எழுதினார்களா?

சரி, தங்கத்துக்கு ருசி உண்டா? கிடையாது. சத்து உண்டா? அதுவும் கிடையாது. வாய் வழியாகப் போய் மறுநாள் காலையில் அப்படியே வெளியே வந்துவிடும். நம் விவசாயத் தொழிலாளிப் பெண் தாலியில் குன்றிமணித் தங்கம் கோக்கக் கடன் வாங்குகிறாள். லண்டனில் அதைத் தின்று கழிக்கிறார்கள்! அங்கே இந்தப் பெரிய துண்டுக் கறியின் விலை 1,450 பவுன் வரை போயிற்று. நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்துப் பணம். நம் ரூபாயில் அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

துருக்கிச் சாப்பாடு என்றாலே இதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். துருக்கித் தொழிலாளியின் சாப்பாடு பருப்பு சூப், வெள்ளை பீன்ஸ் குழம்பு, கொஞ்சம் சோறு, ரொட்டி, சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர். 2022 அக்டோபரில் அந்த நாட்டுச் சர்க்கார் கணக்குப்படியே விலைவாசி ஓராண்டில் 85 சதவீதம் ஏறியிருந்தது. பீன்ஸ் குழம்பே எட்டாப் பொருளாகிவிட்ட அந்த ஆண்டில்தான் இஸ்தான்புல் நகரசபை மலிவு விலை உணவகங்களைத் திறந்தது. மாணவர்களும் பென்ஷன்காரர்களும் வாசலில் வரிசை கட்டினார்கள்.

இப்போது நம் ஆட்களுக்கு வருவோம்.

2018 செப்டம்பரில் வெனிசூலாவின் அன்றைய ஜனாதிபதி மதுரோ, சீனாவிலிருந்து திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் இதே நுஸ்ரெட் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அமெரிக்க ஏகாதிபத்தியம் வெனிசூலாவின் கழுத்தை நெரித்தது உண்மை. அதைக் கண்டித்தோம், கண்டிப்போம். ஆனால் அதற்கு முந்தின ஒரே ஆண்டில் அந்த நாட்டு ஜனங்கள் சராசரி 11 கிலோ உடல் மெலிந்துபோனதாக அங்குள்ள பல்கலைக்கழகங்கள் கணக்கெடுத்திருந்தன. கறித்தட்டின் முன்னால் மதுரோவை உட்காரவைத்தது அமெரிக்காவா?

டீக்கடையில் பார்த்த படம் 2021 நவம்பரில் லண்டன் கிளையில் எடுத்தது. வாயைத் திறந்தவர் வியத்நாமின் பொதுஜனப் பாதுகாப்பு மந்திரி தோ லாம். அதே பயணத்தில்தான் அவர் ஹைகேட் இடுகாட்டுக்குப் போய் மார்க்ஸ் சமாதியில் மலர் வைத்தார். அந்த மந்திரியின் மாதச் சம்பளம் 600 முதல் 800 டாலர் என்று செய்திகள் வந்தன. பில்லைக் கட்டியது யார்? வியத்நாம் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே லண்டனில், ஹேமார்க்கெட் வீதியில் ஒரு கட்டிடச் சுவரில் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள். 1913இல் ஹோ சி மின் அங்கிருந்த ஓட்டலில் வேலை பார்த்தார் என்கிறது அது. சமையற்கட்டில் நின்றவர் அவர்!

டா நாங் நகரில் மாட்டுக்கறி நூடுல்ஸ் விற்கும் ஒருவர், தானும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையை அதேபோல் வளைத்து, நறுக்கிய வெங்காயத் தாளைக் கிண்ணத்தில் தூவிப் படம் எடுத்துப் போட்டார். மந்திரி பெயரைக்கூடச் சொல்லவில்லை. போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. 2022 செப்டம்பரில் கைது. அரசுக்கு விரோதமாகப் பிரசாரம் செய்தார் என்று 2023 மே மாதம் ஐந்தரை ஆண்டுச் சிறை. அவர் வேறு பலவும் எழுதியவர், வழக்கு வெங்காயத் தாளுக்காக அல்ல என்பார்கள். இருக்கட்டும். தங்கம் தின்றவருக்கு என்ன தண்டனை? 2024 ஆகஸ்டில் அவர் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார்.

"இதையெல்லாம் நம் பத்திரிகையில் எழுதலாமா? எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஆயுதத்தை எதிரி கையில் கொடுத்தது நாமா, அந்தக் கத்தி முனைக்கு வாயைத் திறந்தவரா? வியத்நாமுக்காக இந்த மில் வாசலில் கொடி பிடித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நாம் மூடி வைத்தாலும் தொழிலாளியின் கைபேசியில் படம் ஓடுகிறது. டீக்கடையில் நமக்கு முன்பே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நாம் வாய் திறக்கிறோமா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுதி முடித்ததும் அந்தத் தொழிலாளியிடமே முதலில் படித்துக் காட்டினோம். கடைசிவரை கேட்டார். நன்றாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. "உண்டியல் கணக்கு நோட்டு கையில் இருக்கிறதா தோழர்?" என்றார். எடுத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார், டீ ஆறிப்போயிற்று.