கலையை வாங்குவோர் காப்பீட்டுக்கும் பணம் தரட்டும்

2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் சாகசக் காட்சியின்போது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில், இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் நாடு முழுவதும் ஏறத்தாழ 650 சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருக்கும் செய்தி வெளியானது. அந்த நடிகரின் அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும் ஒரு தொழிலில், உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்களின் மருத்துவச் செலவு ஒரு தனிமனிதரின் நல்ல மனதை நம்பியிருக்கிறது என்றால், அது அந்தத் தொழிலுக்கும் அரசுக்கும் தலைக்குனிவு.

சண்டைக் கலைஞர்களின் நிலை மட்டுமல்ல இது. லைட்மேன், துணை நடிகர், டப்பிங் கலைஞர், உதவி இயக்குநர், மேடை நாடக நடிகர், கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞர் என எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு: நிலையான முதலாளி கிடையாது. இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்த மாதம் வேலையே இல்லை. ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து சம்பளம் வாங்குபவரை மனதில் வைத்து உருவான இஎஸ்ஐ திட்டத்துக்குள் இவர்களால் நுழைய முடிவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டு நன்றாக வேலை கிடைத்தாலே வரம்பைத் தாண்டிவிடும் குடும்பம், மறு ஆண்டு வேலையில்லாமல் நிற்கும்போது எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு ஜெர்மனி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டது. அது தானாக வந்துவிடவில்லை. 1969இல் கொலோன் நகரில் எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது நாவலாசிரியர் ஹைன்ரிச் பொல், எழுத்தாளர்கள் இனியும் அடக்கமாக இருந்து பயனில்லை என்ற பொருளில் ஆற்றிய உரை அங்கே இன்றும் பேசப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் என்ன சம்பாதிக்கிறார்கள், முதுமையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை விரிவான ஆய்வுகள் வெளிச்சமிட்டன. 1981இல் கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் கணக்கு எளிமையானது. ஓர் ஊழியரின் காப்பீட்டில் பாதியை அவரும் பாதியை முதலாளியும் கட்டுவது ஜெர்மனியின் வழக்கம். முதலாளி இல்லாத ஓவியரும் பாடகரும் எழுத்தாளரும் ஊழியருக்குரிய பாதியை மட்டும் கட்டினால் போதும். மறு பாதியில், மொத்தத் தொகையின் 30 சதவீதத்தை அவர்களின் படைப்பை விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் பதிப்பகங்கள், இசை நிறுவனங்கள், தொலைக்காட்சிகள், கலைக்கூடங்கள், விளம்பர நிறுவனங்கள் தருகின்றன. எஞ்சிய 20 சதவீதத்தை அரசு ஏற்கிறது. மருத்துவக் காப்பீட்டோடு நீண்டகாலப் பராமரிப்பும் ஓய்வூதியமும் இதில் அடங்கும். இன்று ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இதன் பாதுகாப்பில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலை மூலம் சம்பாதித்தால் சேரலாம். தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அந்த நிபந்தனையும் கிடையாது.

நிறுவனங்களின் பங்கை வசூலிக்கும் முறையில்தான் அந்தச் சட்டத்தின் கூர்மை தெரியும். ஒரு நிறுவனம் சுயதொழில் கலைஞர்களுக்குக் கொடுக்கும் மொத்தக் கட்டணத்தின் மீது தீர்வை விதிக்கப்படுகிறது. 2023 முதல் 2025 வரை அதன் விகிதம் 5 சதவீதம். பணம் பெறும் கலைஞர் காப்பீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிநாட்டவராகவே இருந்தாலும் தீர்வை உண்டு. ஆகவே காப்பீடு இல்லாதவரைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. இந்தத் தீர்வையை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1987இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிரான்சிலும் ஓவியர், எழுத்தாளர் போன்றோரின் படைப்பை வெளியிடுவோரும் விற்போரும் கொடுக்கும் தொகையின் மேல் 1.1 சதவீதம் செலுத்துகிறார்கள்.

அமெரிக்காவின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. அங்கே நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் மருத்துவத் திட்டத்துக்குத் தயாரிப்பாளர்கள் பணம் கட்டுகிறார்கள். திட்டத்தின் தரமும் நல்லதே. ஆனால் அதில் இடம்பெற, 2023 நிலவரப்படி, ஓராண்டில் 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோரால் அந்த வரம்பை எட்ட முடிவதில்லை. மறு ஒளிபரப்புக்காகக் கிடைக்கும் தொகையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், பழைய தொடர் ஒன்றின் மறு ஒளிபரப்பே பலருக்குக் காப்பீட்டைக் காப்பாற்றித் தந்தது. ஓடிடி தளங்கள் வந்து அந்த வருமானம் சுருங்கியபோது காப்பீடும் கையைவிட்டுப் போனது. 2023இல் 118 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்தில் இந்தக் குறை உரக்க ஒலித்தது. அதற்கு முன்பே, 2020இல், வரம்பு உயர்த்தப்பட்டு மூத்த நடிகர்கள் பலர் திட்டத்திலிருந்து வெளியேறும் நிலை வந்தபோது, சங்கத்தின் முன்னாள் தலைவர் எட் ஆஸ்னரே தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் வழக்குத் தொடுத்தார். நோயாளியாகி வேலை குறையும் ஆண்டில்தான் ஒருவருக்குக் காப்பீடு அதிகம் தேவைப்படும். வருமான வரம்போ அந்த ஆண்டில்தான் அவரை வெளியே தள்ளும்.

தென் கொரியாவில் எல்லோருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனாலும் 2011 ஜனவரியில், சியோலை அடுத்த ஆன்யாங் நகரில், திரைக்கதை எழுத்தாளர் சோய் கோ-உன் நோயாலும் வறுமையாலும் 32 வயதில் இறந்துகிடந்தார். மீதமிருக்கும் சோறும் கிம்ச்சியும் இருந்தால் தரும்படி அண்டை வீட்டாருக்கு அவர் எழுதிய குறிப்பு அந்த நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு கலைஞர் நலச் சட்டம் நிறைவேறியது. 2020 டிசம்பரில், வேலையில்லாக் காலத்துக்கான காப்பீடும் கலைஞர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. மருத்துவமனைக் கட்டணத்தை ஈடுகட்டினால் மட்டும் போதாது, வேலையில்லாத நாட்களில் வீட்டில் உலை கொதிக்கவும் வழி வேண்டும் என்பதை ஒரு மரணத்துக்குப் பிறகுதான் அந்த நாடு ஏற்றது.

வேலை வாங்குவோரிடம் தீர்வை வசூலித்துத் தொழிலாளரைக் காக்கும் யோசனை இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. கட்டடச் செலவில் 1 சதவீதத்தைத் தீர்வையாக வசூலித்துக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களுக்குக் கொடுக்கும் மத்தியச் சட்டம் 1996இலேயே இயற்றப்பட்டது. இடம் மாறி, மேஸ்திரி மாறி வேலை செய்யும் கொத்தனாருக்குப் பொருந்தும் நியாயம், கம்பெனி மாறி வேலை செய்யும் லைட்மேனுக்கும் பொருந்தும். திரைத் தொழிலாளர்களுக்கென்றே 1981இல் தீர்வைச் சட்டமும் நல நிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. படத்தின் பட்ஜெட் எவ்வளவானாலும் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 20 ஆயிரம் ரூபாய் என்ற அளவிலேயே அந்தத் தீர்வை இருந்தது. பின்னர் ஜிஎஸ்டியை ஒட்டிய சீர்திருத்தங்களில் அதுவும் ஒழிக்கப்பட்டது. அதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை.

கர்நாடகம் 2024இல் முந்திக்கொண்டது. திரையரங்க டிக்கெட்டின் மீதும் ஓடிடி சந்தாவின் மீதும் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை விதித்து, திரைத் துறையினருக்கும் பண்பாட்டுக் கலைஞர்களுக்கும் நல நிதி அமைக்கும் சட்டத்தை அந்த மாநிலம் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இணையவழித் தளங்கள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது அது. அதன் அட்டவணையில் உணவு விநியோகம், வாடகைக் கார் ஆகியவற்றோடு உள்ளடக்க, ஊடகச் சேவைகளும் இடம்பெற்றுள்ளன.

படங்கள் பலவும் நஷ்டத்தில் ஓடும்போது புதிய சுமை எதற்கு என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். புறக்கணிக்கக்கூடிய கேள்வியல்ல அது. அதனால்தான் படத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை விதிக்காமல், கொடுக்கப்படும் சம்பளத்தின் சதவீதமாகத் தீர்வை இருக்க வேண்டும். முன்னணி நடிகருக்கு 100 கோடி ரூபாய் தரும் படம் அந்த ஒரு சம்பளத்துக்கே 1 சதவீதமாக 1 கோடி ரூபாய் கட்டும். மொத்தச் சம்பளச் செலவே 50 லட்சமான சிறு படம் 50 ஆயிரம் கட்டினால் போதும். கோடிகளில் சம்பளம் வாங்குவோர் இருக்கும் தொழிலில், தினப் பேட்டாவுக்கு வேலை செய்பவரின் மருத்துவச் செலவுக்கு இதைவிட நியாயமான வழி இல்லை.

தமிழ்நாடு அரசு தாமதிக்காமல் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி, ஓடிடி, இசை, விளம்பரம் ஆகிய துறைகளில் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் கொடுக்கப்படும் எல்லாச் சம்பளத்தின் மீதும், பெறுபவர் சங்க உறுப்பினரா இல்லையா என்று பாராமல், 1 சதவீதத் தீர்வை விதிக்கப்பட வேண்டும். ஓராண்டின் வேலைநாள் கணக்கை வைத்து யாரையும் விலக்காமல், குறைந்தது மூன்று ஆண்டுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். தெருக்கூத்து, நாடகம், நாதஸ்வரக் கலைஞர்களுக்கான பங்கை அரசே ஏற்று, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் வழியே அவர்களை இதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். சிகிச்சைச் செலவோடு, படுக்கையில் இருக்கும் நாட்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தினப்படியும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மத்திய அரசு தன் பங்குக்கு, அட்டவணையில் உள்ள ஊடகச் சேவைகள் என்பது ஓடிடி நிறுவனங்களையும் உள்ளடக்கும் என்று விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்க வேண்டும்.